சென்னையில் வீடில்லாத இளைஞருக்குத் துணை நிற்பது எப்படி: முதல் இரவு முதல் வாடகை அறை வரை

18 முதல் 24 வயதுக்குள் உள்ள ஒருவர் தங்க இடமில்லாமல் நிற்கும்போது, அவருக்கு உதவ முன்வரும் ஆட்களுக்கானது இந்த வழிகாட்டி. குழந்தைகள் இல்லத்தில் 18 முடிந்து வெளியே வந்தவர், வீட்டில் தகராறாகி சென்ட்ரலில் வந்து இறங்கியவர், நடைபாதையிலேயே பிறந்து வளர்ந்தவர், மேஸ்திரி கூலி தராமல் விட்டுவிட்டுப் போன கட்டட வேலைக்காரர் என்று ஆளுக்கு ஒரு கதை. செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்: படுக்க இடம், உடம்பு, காகிதம், போனும் பேங்கும், வேலை, அறை, அதன் பிறகு படிப்பு.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வேலையில் தொடங்குகிறார்கள். தெரிந்த கடையில் சொல்லிச் சேர்த்துவிடுகிறார்கள். குளிக்க இடமில்லாமல், பிளாட்பாரத்தில் விட்டு விட்டுத் தூங்கி, ஐந்தாம் நாள் பையன் வேலைக்குப் போவதில்லை. "எவ்வளவு செஞ்சாலும் இவங்க திருந்த மாட்டாங்க" என்று பேச்சு வருகிறது. ஆளை மாற்றிப் பயனில்லை, வரிசையை மாற்றுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் வேண்டியவை

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஊருக்குப் போனாலும் காய்ச்சலில் படுத்தாலும் தொடர்பு அறக்கூடாது. இரவில் தனியாகப் போய்ப் பேசாதீர்கள். இளம்பெண்ணிடம் பேசப் போகும்போது குழுவில் ஒரு பெண் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஜிப் வைத்த பிளாஸ்டிக் ஃபைல் இரண்டு. ஒன்று அவரிடம், மற்றொன்றில் நகல்கள் உங்களிடம். அசலை நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்களோடு மனஸ்தாபம் வரும் நாளில் அவருடைய அடையாளமே உங்கள் பீரோவில் மாட்டிக்கொள்ளும். வெள்ளைப் பின்னணியில் பாஸ்போர்ட் அளவு போட்டோ 12 எடுத்துவிடுங்கள். நாலு நாலாக எடுத்தால் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் வீணாகும்.

ஒருவருக்கு முதல் இரண்டு மாதத்துக்கு 10,000 ரூபாய் ஒதுக்கிவையுங்கள். அதில் பெரும்பகுதி எங்கே போகும் என்ற கணக்கு ஏழாம் பகுதியில் வருகிறது.

போனில் பதிந்துவைக்க: மாநகராட்சி 1913, ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112, பெண்களுக்கு 181, 18 வயதுக்குள் என்றால் 1098, இலவச சட்ட உதவி 15100, மனநல ஆலோசனை 14416, சைபர் குற்றம் 1930.

இரக்கப்பட்டு உங்கள் வீட்டிலேயே தங்கவைப்பது வேண்டாம். பத்து நாளில் வீட்டில் முணுமுணுப்பு வரும், பதினைந்தாம் நாள் அவர் மறுபடி தெருவில் நிற்பார். முதல்முறையைவிட இந்த முறை அடி பலமாக இருக்கும்.

2. முதல் இரவு

சென்னை மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகங்களில் தங்க இலவசம். ஆண்கள், பெண்கள், குடும்பங்கள் என்று தனித்தனியாக இருக்கின்றன. 1913-ல் அழைத்து அருகில் எது என்று கேளுங்கள். பொழுது சாய்வதற்குள் கூப்பிடுங்கள். இரவு பத்து மணிக்குப் பிறகு இடம் இருந்தாலும் சேர்க்கும் ஆள் இல்லாமல் போகலாம்.

நேரில் போனதும் கேட்க வேண்டியவை மூன்று. சான்றிதழை வைத்துப் பூட்ட பெட்டி உண்டா? இரவு வேலைக்குப் போய் வந்தால் பகலில் தூங்க விடுவார்களா? எத்தனை நாள் தங்கலாம்? இரண்டாவது கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பின்னால் செக்யூரிட்டி வேலையோ மண்டபத்து கேட்டரிங் வேலையோ கிடைக்கும்போதுதான் பகலில் வெளியே அனுப்பிவிடும் காப்பகம் ஒத்துவராது என்று தெரிகிறது. ஆதார் இல்லை என்று சொல்லித் திருப்பினால் சண்டை போடாமல் 1913-ல் புகார் பதிந்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

பேச்சை எப்படித் தொடங்குகிறீர்கள் என்பது முக்கியம். "ஏன் வீட்டை விட்டு வந்தே?" என்பது போலீஸ்காரர் கேட்கும் கேள்வி. அதற்கு ஏற்கெனவே தயார் செய்துவைத்த ஒரு பொய்தான் பதிலாக வரும். "சாப்பிட்டியா தம்பி? இன்னைக்கு எங்க படுக்கப் போறே?" போதும். காரணம் மூன்றாம் சந்திப்பில் தானாக வரும், வராவிட்டாலும் வேலை நிற்காது.

அவர் சம்மதம் இல்லாமல் வீட்டுக்கு போன் போடாதீர்கள். அடிக்குப் பயந்து வந்த பெண்ணாக இருக்கலாம், சாதி மாறிக் காதலித்து ஓடிவந்தவராக இருக்கலாம். 18 முடிந்தவர் எங்கே இருக்கிறார் என்று குடும்பத்துக்குச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பெண் என்றால் அதே இரவில் 181-க்கு அழைத்து, மாவட்டத்து ஒன் ஸ்டாப் சென்டரில் சில நாள் தங்க ஏற்பாடு கேளுங்கள். அங்கேயே காவல், சட்டம், மருத்துவம் மூன்றுக்கும் வழி கிடைக்கும்.

3. வயதும் பழைய இல்லமும்

மறுநாள் காலையில் கேட்க வேண்டியது இரண்டு: எத்தனை வயது, குழந்தைகள் இல்லத்தில் இருந்தது உண்டா.

18 ஆகவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு 1098-க்குச் சொல்லுங்கள். அவர் குழந்தைகள் நலக் குழு முன் போக வேண்டியவர், பெரியவர்கள் காப்பகத்தில் சேர்க்கக் கூடாது. வயதில் சந்தேகம் என்றால் பள்ளிச் சான்றோ பிறப்புச் சான்றோதான் முதலில் பார்க்கப்படும். எலும்புப் பரிசோதனை கடைசி வழி.

இல்லத்திலிருந்து வெளியே வந்தவர், இன்னும் 21 ஆகவில்லை என்றால், இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் 46-ஆம் பிரிவின்படி பின்காப்பு உதவி (இல்லத்தை விட்டு வந்தவர் சொந்தக் காலில் நிற்கத் தரும் பண உதவி) கேட்கலாம். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இதற்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. சிறப்புக் காரணம் இருந்தால் 23 வயது வரை நீட்டிக்கவும் விதி இடம் தருகிறது. விண்ணப்பம் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில். இல்லத்திலிருந்து விடுவித்த உத்தரவின் நகல் கட்டாயம் கேட்பார்கள். பெரும்பாலான பிள்ளைகளிடம் அது இருக்காது. பழைய இல்லத்துக்கு எழுத்துப்பூர்வமாகக் கடிதம் கொடுத்து வாங்குங்கள். 20 வயது 10 மாதத்தில் வந்து நிற்பவருக்கு இந்தக் கதவு மூடப் போகிறது, ஆகவே ஆதாருக்கு முன்னால் இதை எடுங்கள்.

4. உடம்பும் மனசும்

முதல் வாரத்திலேயே அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவுக்கு ஒரு நடை. சொறி சிரங்கு, ஆறாத புண், பல்வலி மூன்றும் வேலையைக் கெடுப்பவை. சொறியோடு காப்பகத்தில் சேர்த்தால் பத்துப் பேருக்குப் பரவும், உங்கள் ஆளை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை கட்டாயம். காசநோய் என்று வந்தால் வழக்கமாக ஆறு மாத மருந்து, இலவசம். நிக்‌ஷய் போஷண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் சத்துணவுக்கு வரும். அது பேங்க் கணக்கில் மட்டுமே வருவதால் அந்த ஒருவருக்குக் கணக்கு தொடங்கும் வேலையை முன்னுக்குத் தள்ளுங்கள். இடம் மாறினால் மருந்து எந்த மையத்திலிருந்து வரும் என்பதையும் மாற்றி எழுதச் சொல்லுங்கள். மருந்து நின்றுபோவது பெரும்பாலும் இப்படி இடம் மாறும்போதுதான்.

சொல்யூஷன் (போதைக்காக முகரும் பசை), போதை மாத்திரை, குடி இருந்தால் மறைக்க மாட்டார், கேட்கும் விதத்தில் கேட்டால். "நிறுத்தினால்தான் உதவி" என்று நிபந்தனை வைக்காதீர்கள். தினமும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். அது டாக்டர் மேற்பார்வையில் நடக்க வேண்டிய வேலை. தனக்குள் பேசிக்கொண்டு, சாப்பாடு துணி கவனமில்லாமல் அலைபவரைக் கையைப் பிடித்து இழுத்துவராதீர்கள். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-ன்படி அப்படிப்பட்டவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது காவல் நிலையத்தின் பொறுப்பு. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல நிலையம் இருக்கிறது.

5. காகிதம்

மொத்த வேலையில் பாதி நேரம் இங்கேதான் போகும்.

முதலில் பழைய ஆதாரைத் தேடுங்கள். இந்த வயதுக்காரர்களில் ஒரு வருடமாவது பள்ளிக்குப் போன எவருக்கும் ஆதார் எடுத்திருக்க வாய்ப்பு அதிகம். அவர் "எனக்கு ஆதாரே இல்லை" என்று சொன்னால், கையில் அட்டை இல்லை என்று மட்டும் பொருள் கொள்ளுங்கள். புதிதாகப் பதிந்தால் பழைய கைரேகையோடு ஒத்துப்போய், வாரக்கணக்கில் காத்திருந்த பிறகு நிராகரிப்பு வரும். ஆதார் சேவை மையத்தில் விரல் வைத்து, பெயர், பிறந்த தேதி, பின்கோடு சொல்லித் தேடச் சொல்லுங்கள்.

தேடியும் கிடைக்கவில்லையா? குழந்தையாக இருந்தபோது எடுத்த ரேகையை 15 வயதில் புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள். அப்போது கடைசியாகப் படித்த அரசுப் பள்ளிக்குப் போங்கள். தலைமையாசிரியரிடம் இருக்கும் மாணவர் பதிவில் பெரும்பாலும் ஆதார் எண் ஏற்றியிருப்பார்கள். எண் கிடைத்தால் ரேகையைப் புதுப்பித்துவிடலாம்.

உண்மையிலேயே இல்லை என்றால் புதிய பதிவு. முகவரிக்கு என்ன செய்வது என்று இங்கேதான் திகைக்கிறார்கள். ஆதார் ஆணையமே ஒரு சான்றிதழ்ப் படிவம் வைத்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர், கவுன்சிலர், எம்.எல்.ஏ. போன்றவர்கள் அதில் கையெழுத்திடலாம். கையெழுத்தான தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். படிவம் திரும்பி வரும் காரணங்கள் எல்லாம் சில்லறைத் தவறுகள்: அடித்தல் திருத்தல், பாதி போட்டோவிலும் பாதி தாளிலும் விழும்படி கையெழுத்தும் முத்திரையும் இல்லாமை, தேதிக் கட்டங்களில் ஒன்று காலி. இரண்டு படிவம் அச்செடுத்து, ஒன்றில் பென்சிலால் பழகிவிட்டு மற்றொன்றில் பேனா வையுங்கள். கவுன்சிலர் அலுவலகத்துக்கு இரண்டாம் நடை போவதைவிட இது சுலபம். 18 வயதுக்கு மேற்பட்டவரின் புதிய பதிவு அரசுச் சரிபார்ப்புக்குப் போவதால் 180 நாள் வரை ஆகலாம். பதிவுச் சீட்டைப் போட்டோ எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

பிறந்த தேதியில் அவசரப்படாதீர்கள். சான்று இல்லாதவருக்கு முன்பு எங்கோ "ஜனவரி 1" என்று போட்டுவைத்திருப்பார்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழில் வேறு தேதி இருக்கும். ஆதாரில் பிறந்த தேதியை ஒரு முறைதான் மாற்றலாம், பெயரை இரண்டு முறை. ஆகவே டி.சி.யைக் கையில் வாங்கிய பிறகே திருத்தப் போங்கள். இனிஷியலும் அப்படித்தான். கார்த்திக் என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் கடைசி ‘கே’க்கு முன் ஒரு ‘சி’ உண்டா, இனிஷியல் முன்னாலா பின்னாலா என்று ஒரு தாளில் எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். இனி எந்தப் படிவமானாலும் அதைப் பார்த்தே நிரப்ப வேண்டும். இந்த ஒரு எழுத்தால்தான் பின்னால் பி.எஃப். பணம் மாட்டிக்கொள்கிறது.

மார்க் ஷீட் தொலைந்திருந்தால் முதலில் அரசின் ஆன்லைன் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் பாருங்கள். அங்கே இல்லையென்றால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கையை இலவசமாக எடுத்து, படித்த பள்ளி வழியாகத் தேர்வுத்துறைக்கு இரண்டாம்படி கேட்டு விண்ணப்பிக்கலாம். சான்றிதழ் பழைய முதலாளியிடம் "ஜாமீனாக" இருக்கிறது என்பார்கள் சிலர். அப்படி வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை கிடையாது. ஒரு கடிதம், அது பலிக்காவிட்டால் 15100.

சாதிச் சான்றிதழுக்குப் பெற்றோர் சான்று கேட்பார்கள். பத்து வயதுக்குள் பெற்றோர் இருவரையும் இழந்து, வேறு ஆதரவின்றி, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இல்லத்திலோ பள்ளியிலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே இருக்கிறார்கள். இ-சேவை மையத்தில் இதைத் தெரியாதவர்கள் உண்டு. பட்டியலின் அந்தப் பக்கத்தை அச்செடுத்து விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள்.

வாக்காளர் அட்டைக்கு வீடு தேவையில்லை. படிவம் 6-ல் தூங்கும் இடத்தை எழுதினால், வாக்குச்சாவடி அலுவலர் இரவில் வந்து அவர் அங்கே படுத்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணைய நடைமுறை. அந்த நாட்களில் இடம் மாறாமல் இருக்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

திருநங்கை, திருநம்பி என்றால் பெயர், பாலினம் இரண்டையும் முதலில் சரிசெய்யுங்கள். மத்திய அரசின் இணையதளத்தில் விண்ணப்பித்தால் கலெக்டர் அடையாளச் சான்று தருவார். பேங்க் கணக்கு தொடங்கிய பிறகு பெயர் மாற்றினால் எல்லா இடத்திலும் இரண்டு முறை அலைய வேண்டும்.

6. போனும் பேங்க் கணக்கும்

இங்கே வரும் பெரிய தவறு நல்ல மனதால் வருவது. உங்கள் பெயரில் சிம் வாங்கிக் கொடுப்பது, ஆதாரில் உங்கள் நம்பரைக் கொடுப்பது. மூன்று மாதம் கழித்து நள்ளிரவில் ஓ.டி.பி. கேட்டு உங்களுக்குப் போன் வரும். உங்கள் நம்பர் மாறினால் அவருடைய பி.எஃப்., பேங்க், டிஜிலாக்கர் மூன்றும் பூட்டிக்கொள்ளும். குழந்தைகள் இல்லத்திலிருந்து வந்தவர்களின் ஆதாரில் பழைய வார்டன் நம்பர் இருப்பதும் சகஜம்.

சரியான வரிசை இது. ஆதார் பதிவுக்கு மொபைல் கட்டாயம் இல்லை. ஆதார் வந்ததும் அவர் விரல் ரேகையில், அவர் பெயரிலேயே சிம். சிம் இயங்கத் தொடங்கியதும் ஆதார் மையத்துக்கோ தபால்காரரிடமோ போய் அந்த நம்பரை ஆதாரில் இணைக்க வேண்டும். இதற்கு வேறு ஆவணம் கேட்க மாட்டார்கள், ஆள் நேரில் இருந்தால் போதும். சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் வேறு ஒருவருக்குப் போய்விடும், அதனால் ரீசார்ஜை உங்கள் பட்ஜெட்டில் சேருங்கள்.

கணக்கு, மினிமம் பேலன்ஸ் இல்லாத ஜன் தன் அல்லது அடிப்படை சேமிப்புக் கணக்காக இருக்கட்டும். ஆதார் வரும் வரை காத்திருக்க முடியாதவருக்கு ரிசர்வ் வங்கி விதிகளில் ‘சிறு கணக்கு’ என்று ஒன்று உண்டு. போட்டோவும், அதிகாரி முன்னிலையில் கையெழுத்து அல்லது கைநாட்டும் போதும். வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய்க்கு மேல் வரவு கூடாது, மாதம் 10,000-க்கு மேல் எடுக்க முடியாது, இருப்பு 50,000-ஐத் தாண்டக் கூடாது. 12 மாதம் செல்லும். அடையாள ஆவணத்துக்கு விண்ணப்பித்ததற்கு ஆதாரம் காட்டினால் இன்னொரு 12 மாதம். கவுன்ட்டரில் "அப்படி ஒன்றும் இல்லை" என்றால் மேலாளரிடம் நேராகக் கேளுங்கள்.

பாஸ்புக் கைக்கு வந்த அன்றே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "உன் கணக்கை ஒரு மாசத்துக்குக் கொடு, அஞ்சாயிரம் தரேன்" என்று ஒருவன் வருவான். ஏ.டி.எம். கார்டும் சிம்மும் சேர்த்துக் கேட்பான். அது இணைய மோசடிப் பணத்தைச் சுற்றிவிடும் வழி. கணக்கு முடங்கும், பிறகு வேறு மாநிலத்துப் போலீஸ் இவரைத் தேடி வரும். குறிவைக்கப்படுவது இப்படிப் புதுக் கணக்கும் காலிப் பையும் உள்ள பிள்ளைகள்தான். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் உடனே பேங்கில் கார்டை முடக்கி 1930-ல் பதியுங்கள்.

7. வேலை: முதல் சம்பளம் வரையான 33 நாள்

ஐந்தாம் தேதி சேர்கிறார், சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 33 நாள். தினக்கூலியிலிருந்து மாதச் சம்பள வேலைக்கு மாறுபவர் தடுக்கி விழுவது இந்த இடைவெளியில்தான். அன்றன்றைக்குக் கையில் காசு வந்த பழக்கம், இங்கே ஒரு மாதம் பொறுக்க வேண்டும். பத்தாம் நாள் பசி வந்ததும் கேட்டரிங் மேஸ்திரி கூப்பிட்டால் போய்விடுவார், இரவெல்லாம் பரிமாறிவிட்டு மறுநாள் வேலைக்கு லீவு.

அந்த 33 நாள் கணக்கு: சாப்பாட்டுக்கு நாளுக்கு 120 ரூபாய் வீதம் 3,960. மாநகரப் பஸ் மாதப் பாஸ் 1,000. இரண்டு பேன்ட் சட்டை, ஒரு ஷூ 1,800. முடிவெட்டு, சோப்பு, சவர சாமான் 300. போன் ரீசார்ஜ் 300. மொத்தம் 7,360. அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3 என்றிருக்கும்போது நாளுக்கு 120 எதற்கு என்பார்கள். ஷிஃப்ட் வேலையில் இருப்பவர் அந்த நேரத்தில் அந்தத் தெருவில் இருக்க முடியாது, அதுதான் காரணம். பெண்ணுக்குச் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பயணம் இலவசம் என்பதால் பாஸ் பணம் மிச்சமாகும்.

பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல் சாப்பாட்டுக் காசைத் திங்கள்தோறும் 840 ரூபாயாகக் கொடுங்கள். தெருவில் மொத்தமாகக் காசு வைத்திருப்பவரிடம் திருடு போகும், இல்லையென்றால் கூட்டாளிகள் கடன் கேட்பார்கள். கேட்டதும் கொடுப்பது அங்கே மரியாதை, மறுக்க முடியாது.

வேலை தேர்வில் சம்பளத்தைவிட மூன்று விஷயம் பெரிது: இ.எஸ்.ஐ., பி.எஃப். உண்டா, சம்பளம் பேங்கில் வருமா, தங்கும் இடத்திலிருந்து எத்தனை பஸ். மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ.க்குப் பிடித்தம் 0.75 சதவீதம்தான், மருத்துவமனைச் செலவு அதற்குள் அடங்கும். சேர்ந்த முதல் மாதமே பி.எஃப்.பின் யு.ஏ.என். எண்ணை (வேலை மாறினாலும் மாறாத எண்) வாங்கி எழுதிவையுங்கள். அடுத்த கம்பெனியில் புது எண் போடாமல் இதையே கொடுக்க வேண்டும்.

கட்டட வேலையிலேயே தொடர விரும்பினால் தடுக்காதீர்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துவிடுங்கள். தங்குமிடமும் சாப்பாடும் தந்து "முன்பணம் இருபதாயிரம்" என்று அழைக்கும் வேலை எதுவானாலும், வெளியூர் போர்வெல் லாரியோ சிறு ஆலையோ, ஒரு நாள் பொறுத்து விசாரியுங்கள். கடன் தீரும் வரை போக விடாமல் வைப்பது கொத்தடிமை முறை. 1976 சட்டப்படி குற்றம். வெளிநாட்டில் டேட்டா என்ட்ரி வேலை, சுற்றுலா விசாவில் போகலாம் என்பதும் இதே ரகம்.

8. அறை

இரண்டு மாதச் சம்பளம் முழுதாக வந்த பிறகே அறை தேடுங்கள். அதற்கு முன் எடுத்தால் அட்வான்ஸும் போகும், ஆளும் போவார்.

சம்பளம் 13,000, அது முழுவதற்கும் பி.எஃப். 12 சதவீதம் பிடிக்கிறார்கள் என்றால், இ.எஸ்.ஐ.யும் போகக் கைக்கு வருவது சுமார் 11,340. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகைக்குப் போகக் கூடாது. ஆகவே தனி அறை இப்போதைக்குக் கனவு. இருவரோ மூவரோ சேர்ந்து எடுக்கும் பேச்சிலர் ரூம், திருவல்லிக்கேணி பக்கத்து மேன்ஷன், வேலை செய்யும் இடத்துக்கு அருகில் ஷேரிங் பி.ஜி. ஆகியவையே வழி. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அரசின் தோழி விடுதியை முதலில் கேளுங்கள்.

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. நடைமுறையில் சென்னை ஓனர்கள் கேட்பது அதிகம். ஒரு மாத அட்வான்ஸில் முடியும் பி.ஜி.யை முதல் ஆண்டுக்குத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம். அட்வான்ஸை நீங்கள் கொடுத்தாலும் ரசீது அவர் பெயரில் இருக்கட்டும்.

"அப்பா அம்மா எங்கே? சொந்த ஊர் எது?" என்று ஓனர் கேட்பார், சாதிக்குத்தான் அந்தச் சுற்றுவழி. பொய் சொல்லிக்கொடுக்காதீர்கள், பிறகு வெளியே வந்தால் அன்றே காலி செய்யச் சொல்வார்கள். "இந்த கம்பெனியில் வேலை, இது சம்பளச் சீட்டு, இவர் எனக்குத் தெரிந்தவர்" என்று மூன்று வாக்கியத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதல் மாதத்தில் பழைய கூட்டாளிகள் அறைக்கு வந்து படுப்பார்கள். காலி செய்யச் சொல்வதற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான். "வராதே" என்று அவரால் சொல்ல முடியாது. "ஓனர் ஒன்பது மணிக்கு கேட்டைப் பூட்டிடுவார்" என்று பழியை ஓனர்மேல் போடக் கற்றுக்கொடுங்கள்.

9. படிப்பும் தொழிலும்

எட்டாம் வகுப்பு தாண்டாதவருக்குத் தேர்வுத்துறையின் எட்டாம் வகுப்பு தனித்தேர்வு முதல் படி. அதுகூட இல்லாமல் ஐ.டி.ஐ. சேர முடியாது. சில பிரிவுகளுக்கு எட்டு போதும், பெரும்பாலானவற்றுக்குப் பத்து. அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் இலவசப் பஸ் பாஸும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர் தகுதி பெற்றால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 தனி. இரண்டும் சேர்ந்தாலும் வாடகை தேறாது. ஆகவே பின்காப்பு உதவியோ விடுதியோ கைக்கு வந்தால் மட்டும் முழுநேரப் படிப்பு. மற்றவர்களுக்கு வேலையோடு தனித்தேர்வு.

பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு வாரம் அந்தத் தொழில் நடக்கும் பட்டறையில் நிற்க வையுங்கள். ஏ.சி. மெக்கானிக் என்று ஆசைப்பட்டவர் உயரத்துக்குப் பயந்தவராக இருப்பார். சேர்ந்த மூன்றாம் மாதத்தில் தெரிவதைவிட முன்பே தெரிவது மேல்.

10. சறுக்கலும் விலகலும்

நான்காம் மாதத்தில் ஒரு நாள் போனை எடுக்க மாட்டார். வேலைக்குப் போகவில்லை, அறையிலும் இல்லை. பழைய இடத்தில் போய்ப் பாருங்கள், கோயம்பேடோ கடற்கரையோ எதுவோ. திட்டாமல் "சாப்பிட்டியா" என்றே தொடங்குங்கள். ஃபைலும் சிம்மும் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். அவை இருந்தால் இழந்தது ஒரு மாத வேலை மட்டும். ஐந்தாம் பகுதிக்குத் திரும்ப வேண்டியதில்லை, ஏழிலிருந்து தொடங்கலாம்.

சந்திப்பைப் படிப்படியாகக் குறையுங்கள்: முதல் மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், வேலை கிடைத்தபின் வாரம் ஒரு முறை, அறைக்குப் போனபின் மாதம் ஒரு முறை. ஒரேயடியாக நிறுத்தினால் இன்னொருவரும் கைவிட்டார் என்று ஆகிவிடும். எப்போது குறைக்கப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விலகும் முன் ஒரு மணி நேரம் இருவரும் உட்கார்ந்து பழைய தடயங்களை அழிக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை வைத்து ஆதாரில் காப்பக முகவரியை மாற்றுங்கள். வேலை இடத்தில் அவசரத் தொடர்பாக உங்கள் எண் இருந்தால், அங்கே யார் பெயரைப் போட விரும்புகிறார் என்று கேளுங்கள். பேங்கில் நாமினி கட்டம் காலியாக இருக்கும் அல்லது அவசரத்தில் உங்கள் பெயரை எழுதியிருப்பீர்கள். யார் பெயரைச் சொன்னாலும், அவர் விட்டுவிட்டு வந்த அம்மாவின் பெயரையே சொன்னாலும், காரணம் கேட்காமல் எழுதிவிடுங்கள்.